வேலை பிடிக்கலைன்னா பிரச்சனை வேலையிலயா, நம்மகிட்டயா? படிப்படியா கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டீம்ல ஒரு பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் முடிஞ்சுது. அதுல ரெண்டு பேர் ராத்திரி பகல் பார்க்காம உழைச்சிருந்தாங்க, சரி நாம கொஞ்சம் மரியாதை பண்ணுவோமேன்னு திங்கக்கிழமை மீட்டிங்ல ரெண்டு பேரையும் எழுந்து நிக்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வெச்சேன். ஒருத்தனுக்கு முகம் பூரிச்சுப் போச்சு. இன்னொருத்தன் மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்து, பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த தடவை என் பேரை இப்படி எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, எனக்கு ஒரு மெயில் போட்டா போதும்"னான். எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, பாராட்டினாலும் குத்தமாடான்னு.

அப்புறம் உக்காந்து யோசிச்சா, எனக்கு எது பிடிக்குமோ அதுதான் எல்லாருக்கும் பிடிக்கும்னு நினைச்சே அத்தனை வருஷமும் டீமை ஓட்டியிருக்கேன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் இந்த விஷயத்தைப் பத்தி கிடைச்சதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், என் மேலயும் டீம்லயும் முயற்சி பண்ணிப் பார்த்தேன், அதுல வேலைக்கு ஆனதை மட்டும் இங்க படிப்படியா எழுதறேன்.

விஷயம் இதுதான். "எனக்கு இந்த வேலை பிடிக்கலை"ன்னு ஒருத்தர் சொல்றப்ப அதுக்குள்ள மூணு விஷயம் கலந்து கிடக்கு: வேலை எப்படி இருக்கு, ஆள் எப்படி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா. நாம முதலாவதை மட்டும் பார்த்துட்டு பேப்பர் போட்டுடறோம், இல்லைன்னா ரெண்டாவதை மட்டும் பார்த்துட்டு நமக்குத்தான் எதுவும் சரிப்படாது போலன்னு நம்மளையே திட்டிக்கறோம். மூணையும் தனித்தனியா பிரிச்செடுக்கிறதுதான் இந்த வழிகாட்டியோட மொத்த வேலையும்.

தேவைப்படறது ஒரு நோட்டு, அஞ்சு வாரம், தினமும் ஒரு அஞ்சு நிமிஷம். ஆன்லைன்ல "உங்க பர்சனாலிட்டி என்ன"ன்னு வர்ற பத்து கேள்வி டெஸ்ட் எதுவும் வேண்டாம்.

படி 1: "பிடிக்கலை"ங்கிற வார்த்தையை உடைங்க

வேலை திருப்தின்னு ஒரே ஒரு பொருள் கிடையாது. 1969ல ஸ்மித், கெண்டல், ஹூலின்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் (கீழ வர்ற வெளிநாட்டுப் பேர் எல்லாமே இந்த மாதிரி ஆராய்ச்சி பண்ணவங்கதான்) கொண்டுவந்த ஒரு அளவுகோல் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு, அது வேலையை அஞ்சு பக்கமா பிரிக்குது: செய்யற வேலையோட தன்மை, சம்பளம், ப்ரமோஷன், மேல இருக்கிற பாஸ், கூட வேலை பார்க்கிறவங்க. இந்த அஞ்சையும் நோட்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க.

ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு மார்க் போடணும், எல்லாமே 10க்கு. இப்ப எவ்வளவு கிடைக்குது, எனக்கு எவ்வளவு கிடைச்சா போதும், இது எனக்கு எவ்வளவு முக்கியம். மூணாவது மார்க்தான் இங்க ஹீரோ. எட்வின் லாக் 1976ல சொன்ன கருத்து ரொம்ப எளிமையானது: கிடைக்கிறதுக்கும் வேணுங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளிங்கிறது மட்டும் திருப்தியை முடிவு பண்ணாது, அந்த விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம்ங்கிறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். ப்ரமோஷனே வேண்டாம்னு இருக்கிறவருக்கு ப்ரமோஷன் வராதது ஒரு பொருட்டே இல்லை, அதுக்காகவே வாழறவருக்கு ஆறு மாசம் தள்ளிப்போனாலே தூக்கம் போயிடும்.

நான் முதல்தடவை போட்டப்ப நடந்ததைச் சொல்றேன். அந்த சமயம் யார் கேட்டாலும் "சம்பளம்தான் பிரச்சனை"ன்னு சொல்லிகிட்டிருந்தேன். நோட்டுல சம்பளத்துக்கு கிடைக்கிறது 6, வேணும்ங்கிறது 8, முக்கியம் 6. பாஸ்க்கு கிடைக்கிறது 2, வேணும்ங்கிறது 7, முக்கியம் 9. இடைவெளியை முக்கியத்தால பெருக்கினா சம்பளத்துக்கு 12 வருது, பாஸ்க்கு 45 வருது! சம்பளத்தைப் பத்தி வெளிய புலம்பறது சுலபம், எல்லாரும் தலையாட்டுவாங்க, அதனால வாய் அந்தப் பக்கமே போயிருக்கு.

சம்பளம் பத்தி இன்னொண்ணு. திமோத்தி ஜட்ஜ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2010ல நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்ப, சம்பள அளவுக்கும் வேலை திருப்திக்கும் நடுவுல இருந்த தொடர்பு 0.15 தான். இந்த மாதிரி எண்ணுல 0ன்னா சம்பந்தமே இல்லை, 1ன்னா ரெண்டும் அச்சுப் பிசகாம சேர்ந்து போகுதுன்னு அர்த்தம், அதனால 0.15ங்கிறது சின்ன தொடர்புதான். இதுக்காக சம்பளம் முக்கியமில்லைன்னு எவனாவது ஹெச்ஆர் ஸ்லைடு போட்டா நம்பாதீங்க, வீட்டுச் செலவுக்குப் பத்தாத சம்பளம்ங்கிறது வேற கதை, அதை மனோதத்துவம் பேசி மூடி மறைக்கக் கூடாது.

படி 2: பழைய வேலைகளை வரிசையா போடுங்க

இதுவரைக்கும் பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு போடுங்க. சேர்ந்த முதல் மாசம் எப்படி இருந்துச்சு, ஆறாவது மாசம், ஒரு வருஷம், விடறதுக்கு முன்னாடி. 10க்கு மார்க் போட்டு புள்ளியை இணைச்சா போதும். ரெண்டு மூணு வேலை பார்த்தவங்களுக்கு இது கண்ணைத் திறந்து விடும்.

ஏன்னா 1985ல ஸ்டா, ராஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு பெரிய நீண்டகால சர்வேயை எடுத்துப் பார்த்திருக்காங்க, நடுத்தர வயசு ஆண்கள், அஞ்சு வருஷ இடைவெளியில. கம்பெனி மாறி, தொழிலே மாறினவங்ககிட்ட கூட வேலை மேல இருந்த மனப்பான்மை ஓரளவுக்கு அப்படியே தொடர்ந்து வந்திருக்கு. மாறாதவங்க அளவுக்கு இல்லை, ஆனா சுத்தமா புதுசாவும் ஆகலை. அதாவது மூட்டை முடிச்சோட நம்ம சுபாவமும் புது ஆபீசுக்கு கூடவே வந்துடுது.

கோடு போட்டதும் மூணுல ஒரு மாதிரி தெரியும்.

எல்லா வேலையிலயும் முதல்ல உச்சத்துல ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல சரிஞ்சிருந்தா, அது புது வேலை மயக்கம். பாஸ்வெல்லும் கூட்டாளிகளும் 2005ல மேனேஜர்கள்கிட்ட இதைத்தான் பார்த்தாங்க: வேலையை விடறதுக்கு முன்னாடி திருப்தி கீழ போகுது, புது இடத்துல சேர்ந்ததும் ஜிவ்வுன்னு மேல ஏறுது, அப்புறம் இறங்கிடுது. நண்பர்கள் புது வேலையில சேர்ந்த ரெண்டாவது மாசம் "நீயும் வந்துடு, இங்க சொர்க்கம்"னு கூப்பிடறதை ஒரு வருஷம் கழிச்சு திரும்பக் கேட்டுப் பாருங்க.

எல்லாத்துலயும் கோடு தாழ்வாவே ஓடியிருந்தா படி 3 உங்களுக்குத்தான். ஒரே ஒரு வேலையில மட்டும் தாழ்ந்து மத்ததுல நல்லா இருந்தா பெரும்பாலும் அந்த இடம்தான் பிரச்சனை, படி 5க்கு நேரா போனாலும் தப்பில்லை.

படி 3: உங்க சுபாவத்தை ஒளிவு மறைவில்லாம எழுதுங்க

சுபாவத்தை அஞ்சு அச்சுல அளக்கிற முறைதான் ஆராய்ச்சியில அதிகம் புழங்குது: பதட்டப்படற தன்மை, பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப் போற குணம், புதுசை ஏத்துக்கிற ஆர்வம். ஜட்ஜ், ஹெல்லர், மவுன்ட் மூணு பேரும் 2002ல இந்த அஞ்சும் வேலை திருப்தியோட எப்படி சேருதுன்னு பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தாங்க. பதட்டப்படற தன்மைக்கு மைனஸ் 0.29 (மைனஸ்னா ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்குது), பொறுப்புக்கு 0.26, கலகலப்புக்கு 0.25, இணங்கிப் போறதுக்கு 0.17, புதுசு தேடறதுக்கு வெறும் 0.02. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து எனக்கே ஆச்சரியம், புதுசு தேடற ஆளுங்கதான் எதுலயும் திருப்தியா இருக்க மாட்டாங்கன்னு நினைச்சுகிட்டிருந்தேன், அப்படியும் இல்லை இப்படியும் இல்லை.

பிறப்புலயே கொஞ்சம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. ஆர்வியும் கூட்டாளிகளும் 1989ல, சின்னக் குழந்தையா இருக்கிறப்பவே பிரிஞ்சு தனித்தனி வீட்ல வளர்ந்த 34 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்களை எடுத்துகிட்டு பார்த்தாங்க, ஆளுக்கு ஆள் வேலை திருப்தியில தெரியற வித்தியாசத்துல ஏறக்குறைய 30 சதவீதம் மரபணுவோட சேர்த்து சொல்லலாம்னு கணக்கு வந்துச்சு. இதைத் தப்பா படிக்கிறவங்க நிறைய. உங்க சந்தோஷத்துல 30 சதவீதம் ரத்தத்துல எழுதியிருக்குன்னு அர்த்தம் இல்லை, ஒரு கூட்டத்துல இருக்கிறவங்களுக்குள்ள உள்ள வித்தியாசத்தைப் பத்தின கணக்கு அது. அதுவும் போக மீதி 70 அப்படியே கிடக்கே.

இப்ப நோட்டுல எழுத வேண்டியது:

ஒரு வாரம் தினமும் சாயங்காலம், அன்னிக்கு எரிச்சல் வந்த ஒரு விஷயத்தை எழுதிட்டு பக்கத்துல ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க, "கூட இருந்த மத்தவங்களுக்கும் இது எரிச்சலா இருந்துச்சா?" முடிஞ்சா ஒருத்தர்கிட்ட கேட்டே பாருங்க. என் நோட்டுல ஒரு வாரத்து அஞ்சு எரிச்சல்ல மூணு எனக்கு மட்டும்தான். பாஸ் மெயிலுக்கு "ஓகே"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் போட்டதை நான் அரை நாள் மனசுல வெச்சு உருட்டியிருக்கேன், பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கேட்டா "அவர் எப்பவும் அப்படித்தானே போடுவாரு"ங்கிறார்.

இன்னொரு விஷயமும் பாருங்க, எதாவது தப்பாப் போனா உங்க வாய்ல முதல்ல வர்ற வாக்கியம் என்ன? "நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கணும்"னா, "இங்க எதுவும் நம்ம கையில இல்லை"ன்னா? நடக்கிறது நம்ம கையில இருக்குன்னு நினைக்கிறோமா இல்லையான்னு அளக்க ராட்டர் 1966ல ஒரு அளவுகோல் போட்டார். ஜட்ஜ் கூட்டம் 1997ல இதையும், நம்மளை நாம மதிக்கிறது, எதையும் சமாளிச்சுடுவோம்ங்கிற நம்பிக்கை, மன நிதானம் இந்த மூணையும் ஒண்ணா கட்டி ஒரே கட்டா பார்க்கணும்னு சொன்னாங்க. 2001ல தொகுத்துப் பார்த்தா அந்த நாலுல வேலை திருப்தியோட அதிகம் ஒட்டி வந்தது "சமாளிச்சுடுவேன்"ங்கிற நம்பிக்கைதான், 0.45. இதுல ஒரு நல்ல சேதி இருக்கு, இந்த நம்பிக்கை சின்ன சின்னதா ஜெயிச்சா வளரும்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி சொல்லிடறேன், ஏன்னா இந்தப் படியை ஆயுதமா பயன்படுத்தறவங்களைப் பார்த்திருக்கேன். நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல, மூணு பேர் வேலையை ஒருத்தர் தலையில கட்டிட்டு, அவங்க முறையிட்டப்ப "உங்க ஆட்டிட்யூட்தான் பிரச்சனை"ன்னு எழுதி ஃபைல் பண்ணாங்க. பதட்டப்படற சுபாவம் உள்ளவங்க சொல்ற குறை எல்லாமே கற்பனை கிடையாது, பல சமயம் அவங்கதான் ஓட்டையை முதல்ல பார்க்கிறவங்க. சுபாவம் எவ்வளவுன்னு பார்க்கிறது நமக்கு நாமே தெளிவாகறதுக்கு, அடுத்தவங்க வாயை அடைக்க இல்லை.

படி 4: உங்களை எது இழுக்குதுன்னு கண்டுபிடிங்க

"உங்களுக்கு என்ன மோட்டிவேஷன்?"னு நேரா கேட்டா எல்லாரும் இன்டர்வியூ பதில்தான் சொல்லுவோம், நமக்கு நாமே கூட. அதனால சுத்தி வளைச்சுத்தான் போகணும்.

ஹெர்ஸ்பெர்க் 1959ல வெளியிட்ட ஆய்வுல சுமார் 200 இன்ஜினியர்கள், அக்கவுன்டன்ட்கள்கிட்ட கேட்டது சம்பவங்களைத்தான்: வேலையில ரொம்ப நல்லா உணர்ந்த ஒரு சமயம், ரொம்ப மோசமா உணர்ந்த ஒரு சமயம், அப்ப என்ன நடந்துச்சுன்னு. நீங்களும் அதையே பண்ணுங்க, அஞ்சு நல்லது அஞ்சு கெட்டது. ஆனா அவர் முடிவை அப்படியே எடுத்துக்காதீங்க. நல்லது பெரும்பாலும் சாதனை, அங்கீகாரம்னும், கெட்டது பெரும்பாலும் கம்பெனி பாலிசி, பாஸ், சம்பளம்னும் பிரிஞ்சு வந்துச்சுன்னு சொன்னார். அதுல பலர் எடுத்துச் சொன்ன ஓட்டை என்னன்னா, நல்லது நடந்தா நம்ம திறமைன்னும் கெட்டது நடந்தா அடுத்தவன் தப்புன்னும் சொல்றது மனுஷ இயல்பு, அப்ப பதிலும் அப்படித்தானே பிரியும். அதனால கெட்ட சம்பவம் எழுதறப்ப "இதுல என் பங்கு"ன்னு ஒரு வரி கட்டாயம் சேர்த்துக்கங்க.

பத்தும் எழுதினதும் நல்ல சம்பவம் அஞ்சுலயும் பொதுவா என்ன வருதுன்னு பாருங்க. மெக்லெலண்ட் பிரிச்ச மூணு இழுப்பு இங்க நல்லா உதவும்: கஷ்டமான ஒண்ணை சாதிச்சுக் காட்டறது, மனுஷங்களோட நெருக்கம், மத்தவங்க மேல ஒரு செல்வாக்கு. என் அஞ்சுல நாலுல நான் தனியா ஏதோ பக்-ஐ (சாஃப்ட்வேர்ல இருக்கிற பிழையை) கண்டுபிடிச்சிருக்கேன். என்கூட லீடா இருந்த ஒரு அக்காவோட அஞ்சுலயும் யாரோ ஒருத்தரை அவங்க தூக்கி விட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே டெசிக்னேஷன், ஒரே கேஆர்ஏ (கம்பெனி எழுதிக் கொடுக்கிற பொறுப்புப் பட்டியல்)!

அப்புறம் ஹிகின்ஸ் 1997ல எழுதின ஒரு வித்தியாசம். சிலரை ஓட வைக்கிறது கிடைக்கப்போற லாபம், சிலரை ஓட வைக்கிறது நடந்துடக் கூடாத நஷ்டம். "இதை முடிச்சா நாமதான் முதல்"னு சொன்னா ஒருத்தருக்கு சூடு பிடிக்கும், இன்னொருத்தருக்கு "இது விட்டுப்போனா கஸ்டமர் டேட்டா போயிடும்"னு சொன்னாத்தான் நாற்காலியில நிமிர்ந்து உக்காருவார். ரெண்டாவது ரகத்தை நெகட்டிவ்னு முத்திரை குத்தறது அநியாயம், சர்வர் விழாம இருக்கிறதே அவங்களாலதான்.

கடைசியா ஒண்ணு, வேலைங்கிறது உங்களுக்கு என்ன? மாசச் சம்பளத்துக்கான வழியா, ஏறிப்போற ஏணியா, இல்லை வேலையே அர்த்தமா? 1997ல ஏமி ரெஸ்னெஸ்கியும் கூட்டாளிகளும் இந்த மூணு பார்வையைப் பத்தி எழுதினப்ப, ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை பார்த்த 24 நிர்வாக உதவியாளர்கள்கிட்டயும் பார்த்திருக்காங்க, கிட்டத்தட்ட மூணு சம பங்கா பிரிஞ்சு நின்னாங்க. ஒரே வேலை! சம்பளத்துக்காக வேலை பார்க்கிறதுல ஒரு தப்பும் இல்லை, சாயங்காலத்துக்கு மேல வாழ்க்கை இருக்கிறவங்க அவங்க. ஏணிக்காரர் ஏணி இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டாத்தான் வில்லங்கம்.

படி 5: இப்ப வேலையை அளங்க

இதுவரை உங்களை அளந்தாச்சு. ஹாக்மேன், ஓல்டாம் ரெண்டு பேரும் 1970கள்ல கொடுத்த அஞ்சு கேள்வியை இப்ப உங்க வேலை மேல வைங்க, ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 7 வரை.

வித விதமான திறமை தேவைப்படுதா? ஒரு வேலையை முதல்லேருந்து கடைசி வரை நாமளே முடிக்கிறோமா இல்லை நடுவுல ஒரு துண்டு மட்டுமா? யாருக்காவது இதனால பலன் இருக்கா? எப்படி செய்யணும்னு முடிவு நம்ம கையிலயா? நல்லா செஞ்சோமா இல்லையான்னு வேலையே நமக்குக் காட்டுதா?

முதல் மூணோட சராசரியை எடுத்து, அதை நாலாவதால பெருக்கி, அஞ்சாவதால பெருக்கணும். உச்சபட்சம் 343. ஒரு உதாரணம், முதல் மூணும் 6, 5, 4ன்னா சராசரி 5. நாலாவது, அதாவது சுதந்திரம் 2, அஞ்சாவது, அதாவது ஃபீட்பேக் 3ன்னா மொத்தம் 30. அதே வேலையில சுதந்திரம் மட்டும் 5 ஆச்சுன்னா 75. வேற எதையும் தொடலை. பெருக்கல்தான் சரியான முறையான்னு கேட்டா, வெறுமன கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வேலை செய்யுதுன்னு பின்னாடி பார்த்திருக்காங்க, அதனால எண்ணைப் பிடிச்சுகிட்டு தொங்காதீங்க, எந்தக் கேள்விக்கு மார்க் பாதாளத்துல இருக்குங்கிறதுதான் தேவை.

இந்த மாடல்ல பலர் தாண்டிப் போயிடற ஒரு வரி இருக்கு. வேலையை இப்படி செழிப்பாக்கினா எல்லாருக்கும் ஒரே அளவு மோட்டிவேஷன் ஏறாது, வளரணும் கத்துக்கணும்ங்கிற பசி அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமா ஏறும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நான் இதைத் தெரிஞ்சுக்காம ஒரு தப்பு பண்ணேன். ரொம்ப நிதானமா, தப்பே இல்லாம டெஸ்டிங் பண்ற ஒரு அம்மா எங்க டீம்ல இருந்தாங்க, அவங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சு சாஃப்ட்வேர்ல ஒரு முழு மாட்யூலையே (பகுதியையே) ஓனர்ஷிப்போட கொடுத்தேன், கிளையன்ட் காலும் சேர்த்து. மூணு வாரத்துல அவங்க லீவு எடுக்க ஆரம்பிச்சாங்க. கேட்டா, "சார், நான் இந்த வேலையை தேர்ந்தெடுத்ததே அஞ்சரைக்கு மூடி வெச்சுட்டுப் போகலாம்ங்கிறதுக்காகத்தான், வீட்ல பெரியவங்களைப் பார்த்துக்கணும்"னாங்க. பழைய வேலையையே திருப்பிக் கொடுத்தேன், முகத்துல உயிர் வந்துச்சு.

படி 6: ஊக்கம் எந்தக் கண்ணியில அறுந்திருக்கு?

திருப்தி வேற, ஊக்கம் வேற. நல்ல கூட்டாளிங்க, நல்ல பாஸ், சந்தோஷமா இருப்போம், ஆனா கை வேலை மேல போகாது. இதுக்கு வ்ரூம் 1964ல கொடுத்த சங்கிலியை விட எளிமையான கருவி எனக்குத் தெரிஞ்சு இல்லை. மூணு கேள்விதான்: முயற்சி பண்ணா என்னால இது முடியுமா? முடிச்சா எதாவது கிடைக்குமா? கிடைக்கிறது எனக்கு வேணுமா?

எங்க "இல்லை" வருதோ அங்கதான் மருந்து. முதல் கேள்வியில இல்லைன்னா பயிற்சியோ நேரமோ வேணும், அங்க போனஸ் ஆசை காட்டறது வீண். ரெண்டாவதுல இல்லைன்னா, அதாவது எவ்வளவு உழைச்சாலும் ரேட்டிங் எப்பவோ முடிவாகிடுதுன்னா, அது நம்பிக்கைப் பிரச்சனை, அதை பாஸ்தான் சரி பண்ண முடியும். மூணாவதுல இல்லைன்னா படி 4க்கு திரும்பிப் போங்க, தப்பான பரிசைத் துரத்திகிட்டிருக்கீங்க.

நியாயம் பத்தின எரிச்சலும் இங்கதான் வரும். நான் போட்டதுக்கும் எனக்குக் கிடைச்சதுக்கும் உள்ள கணக்கை பக்கத்துல இருக்கிறவரோட கணக்கோட நாம ஒப்பிடறோம்னு ஆடம்ஸ் 1960கள்லயே சொல்லிட்டார். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி ஒப்பிடறதில்லை. 1987ல ஹியூஸ்மேனும் கூட்டாளிகளும் மூணு ரகம் இருக்குன்னாங்க: கொஞ்சம் கூடவே கொடுத்துட்டுப் போறவங்க, சரிக்குச் சரி பார்க்கிறவங்க, எனக்கு கூடுதலா வரணும்னு நினைக்கிறவங்க. முதல் ரகத்துக்காரங்க வருஷக்கணக்கா வாயைத் திறக்காம இருந்துட்டு ஒரு நாள் அமைதியா பேப்பர் போடுவாங்க, அப்ப எல்லாரும் "சொல்லவே இல்லையே"ம்பாங்க.

படி 7: ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க

இப்ப கையில இருக்கிறது: படி 1ல பெரிய எண் வந்த பக்கம், சுபாவத்துல தெரிஞ்ச ஒண்ணு, இழுப்பு எதுன்னு, வேலையில பாதாளத்துல இருக்கிற மார்க். இதுல ஒண்ணை மட்டும் எடுத்து நாலு வாரம் மாத்திப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

ரெஸ்னெஸ்கியும் டட்டனும் 2001ல எழுதினது இங்க கை கொடுக்கும். கிடைச்ச வேலையை அதுக்குள்ளயே நமக்குத் தகுந்தாப்ல வளைச்சுக்க மூணு வழி இருக்கு: செய்யற காரியத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு மாத்தறது, யாரோட எவ்வளவு பழகறோம்ங்கிறதை மாத்தறது, வேலையைப் பார்க்கிற பார்வையை மாத்தறது. அவங்க எடுத்த உதாரணம் ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள். அதே வார்டுல சிலர் கூட்டறதோட சரி, சிலர் நோயாளிகிட்ட நாலு வார்த்தை பேசி, அவங்க குணமாகறதுல தங்களுக்கும் பங்கிருக்குன்னு நினைச்சு வேலை பார்த்தாங்க.

நடைமுறையில எப்படின்னா, உங்களுக்கு மனுஷ நெருக்கம்தான் இழுப்புன்னு வெச்சுக்கங்க, வேலையோ நாள் முழுக்க ஸ்ப்ரெட்ஷீட். புதுசா சேர்றவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கறேன்னு கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, அது யாருக்கும் பிடிக்காத வேலை. ஃபீட்பேக் மார்க் 2ன்னா ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காம, நீங்க அனுப்பற ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கிற ஆள் யாருன்னு தேடிப் போய் "இதுல எந்தப் பக்கம் உங்களுக்கு உதவுது?"ன்னு கேளுங்க. நான் அப்படிக் கேட்டப்ப பத்து பக்கத்துல எட்டை யாரும் திறக்கிறதே இல்லைன்னு தெரிஞ்சுது, மனசு வலிச்சுது, ஆனா வாரத்துல அரை நாள் மிச்சம்.

பதட்டப்படற சுபாவம்னா பாஸ்கிட்ட வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் வாங்கிக்கங்க. அந்த ஒத்தை வார்த்தை "ஓகே" பிரச்சனை எனக்கு அதோட தீர்ந்துச்சு.

படி 8: டீம் வெச்சிருக்கிறவங்களுக்கு

மேல சொன்னதையெல்லாம் டீம்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஃபார்ம் போட்டு நிரப்பச் சொல்லாதீங்க, ஓடிப்போயிடுவாங்க. தனியா பேசறப்ப மூணே கேள்வி போதும்: போன மாசம் எந்த நாள் வேலை முடிஞ்சு போறப்ப நல்லா இருந்துச்சு, எது நடந்தா உங்களுக்கு ஒரு நாளே கெட்டுப்போகும், பாராட்டு வந்தா எப்படி வரணும்னு நினைக்கிறீங்க. பதிலை எழுதி வைங்க, ஞாபகத்தை நம்பாதீங்க.

பரிசு கொடுக்கிறப்ப ஒரு ஜாக்கிரதை. எட்வர்ட் டெசி 1971ல மாணவர்களுக்கு புதிர் கொடுத்து பார்த்தார், தீர்த்ததுக்கு காசு வாங்கினவங்க, காசு நின்ன பிறகு ஓய்வு நேரத்துல அந்தப் புதிரைத் தொடற ஆர்வம் குறைஞ்சு போச்சு. பிடிச்சு செய்யற வேலைக்கு ரேட் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. நியாயமா கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் குறைக்க இதை சாக்கா சொல்லாதீங்க.

திருப்தியா இருந்தா நல்லா வேலை செய்வாங்கன்னும் கணக்கு போடாதீங்க, ஜட்ஜ் கூட்டத்தோட 2001 தொகுப்புல அந்தத் தொடர்பு சுமார் 0.30, இருக்கு ஆனா ஒரேயடியா இல்லை. அதே மாதிரி ஒருத்தர் விட்டுப் போகாம இருக்கிறதை விசுவாசம்னு நினைச்சுடாதீங்க. மேயர், ஆலன் 1991ல பிரிச்ச மாதிரி, பிடிச்சு இருக்கிறவங்க, போனா நஷ்டம்னு இருக்கிறவங்க, போறது முறையில்லைன்னு இருக்கிறவங்கன்னு மூணு விதம் உண்டு. ரெண்டாவது விதத்துக்காரங்க ஹவுஸிங் லோன் முடியற அன்னிக்கு வேற ஆளா மாறிடுவாங்க.

படி 9: போறதா இருக்கறதா

நாலு வாரம் மாத்திப் பார்த்த பிறகு படி 1 அட்டவணையைத் திரும்பப் போடுங்க. பெரிய எண் பாதியாச்சும் இறங்கியிருந்தா இருங்க, அடுத்த ஒண்ணை எடுத்து மாத்துங்க. அசையவே இல்லைன்னா, அது நீங்க மாத்தக்கூடிய விஷயமா இல்லை அந்த இடத்தோட விதியான்னு பாருங்க, இடத்தோட விதின்னா ரெஸ்யூமை எடுங்க, ஆனா புது இடத்துல கேட்க வேண்டிய கேள்வி இப்ப உங்ககிட்ட ரெடியா இருக்கு. சுதந்திரம் 2ன்னு இருந்ததுக்காக போறவர், இன்டர்வியூல "இந்த ரோல்ல இருக்கிறவர் யார்கிட்டயும் கேட்காம எடுக்கிற முடிவு என்னென்ன, போன மாசம் நடந்த ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டே ஆகணும். அவமானப்படுத்தற இடம், உடம்பைக் கெடுக்கிற இடம்னா இந்த ஒன்பது படியும் வேண்டாம், நேரா கிளம்பறதுக்கு வழி பாருங்க.

அட்டவணையை மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டா போதும். ரேட்டிங் வந்த அன்னிக்கு போடாதீங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி போடவே போடாதீங்க, ரெண்டு நாள்லயும் எல்லாத்துக்கும் 2 தான் விழும். புதன் கிழமை சாயங்காலம்னா ஓரளவு நேர்மையா வருது, எனக்கு அப்படித்தான். முதல்ல சொன்ன அந்தப் பையனுக்கு இப்ப மெயில்தான் போடறேன், போன வாரம் ஒண்ணு போட்டேன், "தேங்க்ஸ் அண்ணா"ன்னு மட்டும் பதில் வந்துச்சு.